எழுபது கிராம் சரக்கு

எர்ணாவூர் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
என் டிரெய்லர் நின்று பதினோரு மணி நேரம்.
முன்னால் நூற்றுச் சொச்சம் கண்டெய்னர்,
பின்னால் எண்ணவில்லை.
பக்கத்து சீட்டில் பிஸ்கட் அட்டைப்பெட்டி,
அதற்குள் சுருட்டிய பழைய லுங்கி,
அதன் நடுவில்
வானத்தைப் பார்த்தபடி ஒரு கோழிக்குஞ்சு.

பார்க்கிறது என்பது என் வசதிக்குச் சொல்வது.
கழுத்து பின்னால் மடங்கி, மண்டை முதுகில் படிய
அலகு மட்டும் மேலே நிற்கிறது.
தீனிக்குக் குனிய நினைக்கும்போதெல்லாம்
உடம்பு பின்னோக்கிப் போகிறது,
ரிவர்ஸ் கியரில் சிக்கிக்கொண்ட வண்டி.

"ராணிக்கெட்டு பாய்," என்றான் கிளீனர் தணிகைவேல்.
"தூக்கிப் போட்டுரு. மத்ததுக்கும் ஒட்டிக்கும்."
ஏழாம் நாளே கண்ணில் சொட்டுமருந்து விட்டாயிற்று என்றேன்.
விட்டேன்தான்.
ஐஸ் உருகிப்போன டப்பாவிலிருந்து.
அதை அவனிடம் சொல்லவில்லை.

தும்மல் இல்லை, பச்சைக் கழிச்சல் இல்லை,
மூச்சில் இரைச்சல் இல்லை.
இருப்பது மூட்டைதான்:
மொட்டைமாடித் தகரத்துக்கு அடியில்
சித்திரை முழுக்க வெந்து, ஆடித் தூறலில் நனைந்த
பாதி விலைத் தீவனம்.
கையை விட்டால் சூடு. முகர்ந்தால் ஈரத்துணி.
மலிவென்று தோளில் தூக்கிவந்தவன் நான்.
ஒன்பதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை செத்தது,
சில்லறையை இறுக்கிய கைபோல
விரல்களை உள்ளே மடித்துக்கொண்டு.
குளிராக்கும் என்று பல்பு மாட்டியிருந்தேன்.

வீட்டில் விட்டால் மற்றவை கொத்தும், மிதிக்கும்.
மெகரு காலை ஏழுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி வேன் ஏறினால்
திரும்ப இரவு எட்டு.
மூன்று மணிக்கொருமுறை யார் ஊட்டுவது?
அதனால்தான் இதுவும் துறைமுகம் வருகிறது,
சீல் இல்லாத, ரசீது இல்லாத சரக்கு.

மெடிக்கல் ஷாப்பில்
பி காம்ப்ளெக்ஸ் சிரப்பும் வைட்டமின் இ மாத்திரையும் கேட்டேன்.
"யாருக்கு?"
"குஞ்சுக்கு."
"கொழந்த எத்தன கிலோ?"
"எழுவது கிராம்."
அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.
பிறகு அவளே கணக்குப் போட்டாள், ரசீதின் பின்பக்கம்,
புள்ளியை இரண்டு முறை அடித்து நகர்த்தி.
இங்க் ஃபில்லர் சும்மா தந்தாள்.
நான் பாதத்தைப் படியில் தேய்ப்பதைப் பார்த்து
"உங்களுக்குக் கால் மரத்துப்போவுதா?"
"டிரைவர்னா அப்டிதான்."
"என்ன சாப்புடுறீங்க?"
டீ, பன், டீ, பரோட்டா, டீ என்று
சொல்லிக்கொண்டே போனவன்
தீவன மூட்டையில் போய் முட்டி நின்றேன்.

துளியை அலகின் ஓரத்தில் வைக்க வேண்டும்,
அதுவாக நக்கி விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும்.
அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.
இந்த ரோட்டில் அவசரம் யாருக்கு.
மாத்திரையை ஊக்கால் குத்தி
அவித்த முட்டையின் மஞ்சளில் பிழிந்தேன்.
"கோழிக்கே முட்டையா?" தணிகைவேல் சிரித்தான்,
சிரித்துக்கொண்டே தீப்பெட்டி அட்டையை
அவன்தான் வெட்டித் தந்தான்,
மடங்கிய விரல்களுக்குச் செருப்பாக.
சிரப்பில் ஒரு மூடி நானும் குடித்தேன்.

இரவில் மணலிப் பக்கம் ஆலையின் தீநாக்கு.
அந்த வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரமும் தெரியாது.
ஆனாலும் அது பார்த்துக்கொண்டே இருந்தது.
"அப்டி இன்னாத்த பாய் பாக்குது?"
இரண்டு பேரும் ஸ்டியரிங்மேல் குனிந்து
கண்ணாடி வழியே அண்ணாந்தோம்.
பின்னால் ஹாரன்.

இன்று நான்காம் நாள், மூன்றாவது டிரிப்.
துறைமுகக் கேட் கண்ணுக்குத் தெரிகிறது.
கழுத்து முக்கால்வாசி நேர்,
யாரோ கூப்பிட்டது சரியாகக் கேட்காததுபோல
இடப்பக்கம் இன்னும் ஒரு சாய்வு.
ஒரு விரல் நிமிரவில்லை. இனி நிமிராதுபோல.

டேஷ்போர்டில் ஒற்றைக் குருணை வைத்தேன்.
கொத்தியது. தவறியது.
பக்கத்து ஸ்க்ரூவைக் கொத்தியது.
முன்னால் ரோடு காலி, பின்னால் அத்தனை ஹாரனும்.
"பாய், வண்டிய எடு!"
"இருடா," என்றேன்,
"குறி பாக்குது."